பொருள் தொலைந்தது நம்பிக்கை போனதாலா, பிணைப்பு போனதாலா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நவீன சமூகத்தில் வாழ்க்கை பொருளிழந்தது நம்பிக்கை கலைந்ததாலா, மனிதருக்குள் இருந்த பிணைப்பு அறுந்ததாலா? நான் பிணைப்பின் பக்கம்.

எதிரணித் தலைவர் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைத் துணைக்கு அழைத்து வந்தார். 1917-இல் மியூனிக்கில் வேபர் பேசினாராம்: எல்லாவற்றையும் கணக்கிட்டு அறியலாம் என்று ஆனபின் உலகின் மாயம் கலைந்தது, பைபிளில் வரும் ஆபிரகாம் வாழ்ந்து நிறைந்து செத்தார், இன்றைய மனிதன் களைத்துத்தான் சாகிறான். நல்ல பேச்சு, நானும் கைதட்டினேன். ஆனால் அதே பைபிளின் ஆதியாகமத்தில் அடுத்த வசனத்தையும் படித்திருக்கலாம். ஆபிரகாமை அடக்கம் செய்ய ஈசாக்கும் வந்தான், இஸ்மவேலும் வந்தான். வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளையும் வந்து நின்ற சாவு ஐயா அது! நிறைவு எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-இல் தற்கொலை பற்றிய நூலில் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும் ஒப்பிட்டார். இரு தரப்புக்கும் அது பாவம்தான். ஆனாலும் புராட்டஸ்டண்டுகளிடம் தற்கொலை விகிதம் அதிகம். காரணம் போதனை இல்லை, சபை தன் மக்களை எவ்வளவு நெருக்கமாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதே என்றார். அவருடைய புள்ளிவிவரத்தில் ஓட்டை உண்டு என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன். மரியந்தாலுக்கு வாருங்கள்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆலை ஊர். 1930 வாக்கில் நெசவாலை மூடியது. ஏறக்குறைய ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், சைசல் என்ற சமூக ஆராய்ச்சியாளர் மூவரும் அங்கே ஆராய்ந்து 1933-இல் நூல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க ஓய்வு, நூலகத்தில் கட்டணமும் ரத்து. புத்தகம் எடுப்பது கூடியிருக்க வேண்டுமே? ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது! அன்று என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரக் கேட்டால், காலைக்கும் மதியத்துக்கும் இடையில் எழுத ஆண்களுக்கு எதுவுமே இல்லை. அவர்களிடம் யாரும் அறிவியல் பேசிக் கடவுளைப் பறிக்கவில்லை. தினமும் போய்ச் சேர ஓர் இடமும், எதிர்பார்க்க நாலு பேரும் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான்.

'அது வறுமை' என்பார் அடுத்து வரும் நண்பர். அவருக்காகவே இதை மிச்சம் வைத்தேன். ஆராய்ச்சியாளர்கள் ஜன்னலோரம் மறைந்து நின்று, கையில் கடிகாரத்தோடு தெருவில் போகிறவர்களின் நடையை அளந்தார்கள். ஆண்கள் தயங்கித் தயங்கி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். வீட்டில் பிள்ளைகளும் அடுப்பும் காத்திருந்தன. அதே ஊர், அதே தேவாலயம், அதே வறுமை. நடை மட்டும் ஏன் வேறு? எதிரணி முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும், அப்புறம் வேபரிடம் போகலாம்.