கோல்ஃப் ஜிடிஐ-யை ஸ்பிரிங் மாத்தி எவ்வளவு இறக்கலாம்?

[காட்சி: ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் மார்க் 7 ஜிடிஐ கார், பக்கவாட்டில். முன் டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே மூணு விரல் நுழையுது.]

இந்த இடைவெளிதான் கண்ணை உறுத்துது. நாலு ஸ்பிரிங்கையும் கழட்டிட்டு குட்டையானதைப் போட்டா இடைவெளி குறையும், வண்டி தரையோட ஒட்டிக்கிட்டு வளைவுல இன்னும் நல்லா திரும்பும்னு நினைக்கிறோம். இடைவெளி குறையுறது நிச்சயம். வளைவுல நல்லா திரும்புமான்னு கேட்டா, எத்தனை மில்லிமீட்டர் இறக்கினோம்ங்கிறதைப் பொறுத்திருக்கு. ரோட்டுல ஓட்டுற ஜிடிஐ-க்கு எங்க கணக்கு 20 முதல் 25 மி.மீ. அதுக்கு மேல இறக்கினா ஸ்பிரிங்கோட செலவு நிக்காது.

ஒண்ணை மறந்துடக் கூடாது. சாதாரண கோல்ஃபை விட ஜிடிஐ கம்பெனியிலிருந்தே 15 மி.மீ. இறங்கித்தான் வருது. ஸ்பிரிங் பெட்டியில எழுதியிருக்கிற அளவு சாதாரண கோல்ஃபுக்கா, ஜிடிஐ-க்கான்னு கேட்டுட்டு வாங்குங்க. முன் ஆக்சிலுக்கு அனுமதிச்ச எடையையும் பாருங்க, கதவுத் தூண்ல இருக்கிற தகட்டுல அது இருக்கும். டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வண்டிக்கு முன்பக்கம் எடை கூட. மேனுவல் வண்டிக்கான ஸ்பிரிங்கை அதுல போட்டா மூக்கு மட்டும் தொங்கும்.

[காட்சி: முன் சஸ்பென்ஷன் வரைபடம். உள்பக்க புஷ் (ரப்பர் உறை), வெளிப்பக்க பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு), ரெண்டையும் இணைக்கும் லோயர் ஆர்ம்.]

முன்னால இருக்கிறது மேக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணா சேர்ந்த அமைப்பு. இதுல லோயர் ஆர்ம் எந்தச் சாய்வுல நிக்குதுங்கிறதுதான் முக்கியம். புது வண்டியில ஆர்மோட வெளிமுனை, உள்முனையை விடக் கொஞ்சம் தாழ்வா இருக்கும். வண்டி வளைவுல சாயும்போது வெளிச் சக்கரம் மேல ஏறும். அப்ப ஆர்ம் பால் ஜாயின்ட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளும். அதனால டயர் உள்பக்கமா சாஞ்சு ரோட்டுல முழுசா படியும். ரொம்ப இறக்கிட்டா ஆர்ம் ஏற்கனவே மேல்நோக்கி நிக்கும். சக்கரம் இன்னும் ஏறினா பால் ஜாயின்ட் உள்ளே இழுபடும். டயரோட வெளி ஓரம்தான் பாரத்தைத் தாங்கும், பிடிப்பு போயிடும்.

இதை விட மோசமான ஒண்ணு ரோல் சென்டர், அதாவது பாடி எந்தப் புள்ளியைச் சுத்திச் சாயுதோ அந்தப் புள்ளி. வண்டியை 25 மி.மீ. இறக்கினா ஈர்ப்பு மையமும் 25 மி.மீ. இறங்கும். மேக்ஃபர்சன்ல ரோல் சென்டர் அதை விட அதிகமா இறங்கும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் பாடியைச் சாய்க்கிற நெம்புகோல், அது நீளமாயிடும். வண்டி தாழ்ந்தும் முன்னை விட அதிகமா சாயுறது இதனாலதான்.

[காட்சி: சமதரையில் வண்டி. ஸ்கேல் வைத்து ரெண்டு உயரங்கள் அளக்கப்படுது.]

இதை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில வண்டியை நிறுத்தி, தரையிலிருந்து உள்பக்க புஷ் போல்ட்டோட நடு வரைக்கும் ஒரு அளவு, பால் ஜாயின்ட்டோட நடு வரைக்கும் ஒரு அளவு எடுங்க. ஆர்மோட இரும்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னு பார்க்காதீங்க. ரெண்டு மையத்துக்கும் நடுவுல இருக்கிற கோடுதான் கணக்கு. ஸ்பிரிங் போட்ட பிறகும் பால் ஜாயின்ட் தாழ்வாவோ, சரிசமமாவோ இருந்தா நிம்மதி. மேல போயிடுச்சுன்னா, நீளமான தண்டு வெச்ச பால் ஜாயின்ட் போட்டு ஆர்மைப் பழைய கோணத்துக்குக் கொண்டு வரலாம். அதுக்கு டை ராடையும் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) சேர்த்து சரி பண்ணணும். இல்லாட்டி பள்ளத்துல ஏறி இறங்குறப்ப ஸ்டீயரிங் தானா ஒரு பக்கம் இழுக்கும்.

[காட்சி: ஷாக் அப்சார்பர் தண்டில் மஞ்சள் நிற பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரம் அளவுக்கு மேல ஏறாம தடுக்குற ரப்பர்.]

அடுத்தது, மேல ஏற மிச்சமிருக்கிற தூரம். ஒரு உதாரணக் கணக்கு. பம்ப் ஸ்டாப்பைத் தொடுறதுக்கு முன்னால சக்கரம் 60 மி.மீ. மேல ஏறலாம்னு வெச்சுக்குவோம். 25 இறக்கினா 35 மிச்சம். அதே குலுக்கலை இந்த 35-க்குள்ள ஸ்பிரிங் மட்டுமே தாங்கணும்னா, 60-ஐ 35-ஆல வகுத்து வர்றதை அதே எண்ணால பெருக்கிப் பாருங்க: ஏறக்குறைய மூணு மடங்கு கெட்டியா இருக்கணும். கடையில கிடைக்கிற ஸ்பிரிங் 20, 30 சதவீதம்தான் கூடுதல். மிச்சத்தைப் பம்ப் ஸ்டாப்தான் வாங்கிக்குது. வளைவு நடுவுல முன் வெளிச் சக்கரம் பம்ப் ஸ்டாப்புல மோதினா, அந்தச் சக்கரத்துல மட்டும் ஸ்பிரிங் திடீர்னு கல்லா மாறின மாதிரி ஆகும். ஸ்டீயரிங் திருப்பியும் மூக்கு நேராப் போகும். பின்னால மோதினா வால் பிச்சுக்கிட்டு வரும், ஈரத்துல அது ஆபத்து. பம்ப் ஸ்டாப்பை வெட்டணும்னா ஸ்பிரிங் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்க. முழுசா எடுத்துட்டா ஷாக் அப்சார்பரோட உள்பக்கமே இடிபடும்.

ஷாக் அப்சார்பர் பத்தி. ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானா, அதை அடக்க வேண்டிய டேம்பிங் 14 சதவீதம் கூடணும், வர்க்கமூலக் கணக்கு இது. நல்ல நிலையில இருக்கிற ஷாக் இதைச் சமாளிச்சிடும். 80,000 கி.மீ. ஓடி எண்ணெய் கசியுற ஷாக் மேல புது ஸ்பிரிங் போட்டா, ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி ரெண்டு தரம் துள்ளும். அந்த வண்டிக்கு ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்த்து வாங்குறதுதான் மலிவு, ஏன்னா பிரிச்சு மாட்டுற கூலி ஒரே தரம். டிசிசி (ஷாக்கோட கெட்டித்தனத்தைக் கம்ப்யூட்டர் மாத்துற வசதி) இருந்தா ஷாக்குல வயர் வரும், இழுத்துடாதீங்க.

[காட்சி: வைப்பர் கழட்டப்படுது. ஸ்ட்ரட்டின் மேல் மூணு போல்ட்.]

இப்ப வேலை. எதையும் தொடுறதுக்கு முன்னால நாலு சக்கரத்துலயும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. முன்னால வைப்பர் கையையும் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற பிளாஸ்டிக் மூடியையும் எடுத்தாதான் ஸ்ட்ரட்டோட மூணு போல்ட் தெரியும். கீழ ஸ்டெபிலைசர் லிங்க், ஏபிஎஸ் வயர் கிளிப், ஆர்ம்ல பால் ஜாயின்ட்டைப் பிடிச்சிருக்கிற மூணு நட், நக்கிள்ல (சக்கரத்தைத் தாங்குற உலோகத் துண்டு) ஸ்ட்ரட்டைக் கவ்வியிருக்கிற போல்ட், இதையெல்லாம் கழட்டணும். நக்கிளோட பிளவுல விரிக்கிற பிட்டைச் செருகி கால் சுத்து திருப்பினா கவ்வு விடும், நக்கிளை நேராக் கீழே அழுத்துங்க. சாய்ச்சு இழுத்தா சிக்கிக்கும். நக்கிளைத் தொங்க விட்டுடாதீங்க, டிரைவ்ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட் பிரிஞ்சிடும். கம்பி கட்டி நிறுத்துங்க.

ஸ்பிரிங் கம்ப்ரசரை எதிரெதிரா மாட்டி, ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. அழுத்தின ஸ்பிரிங் நழுவினா கை எலும்பு உடையும், நேரா முன்னால முகத்தை வைக்காதீங்க. டாப் மவுன்ட் பேரிங்கைப் புதுசா மாத்திடுங்க. ஸ்பிரிங்கோட வால்முனை தட்டுல இருக்கிற படியில வந்து உட்காரணும். சக்கரம் முழுசாத் தொங்கும்போதும் ஸ்பிரிங் இறுக்கமா இருக்கணும். கையால சுத்த முடிஞ்சா அந்த ஸ்பிரிங் இந்த ஷாக்குக்கு ரொம்பக் குட்டை.

பின்னால மல்டிலிங்க், ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆர்முக்கு அடியில ஜாக்கி வெச்சு, வெளிமுனை போல்ட்டைக் கழட்டி மெதுவா இறக்கினா ஸ்பிரிங் வெளியே வரும். ரப்பர் இருக்கை மேலயும் கீழயும் இருக்கு, மறக்காதீங்க.

[காட்சி: ஜாக்கி மேல் நிற்கும் பின் ஆர்ம். ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரை டேப்.]

நிறைய பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான். புஷ்ஷோட ரப்பர் நடுக்குழாயோட ஒட்டியிருக்கு. சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினா, வண்டி கீழ இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். வண்டி சரியா இறங்காது, கொஞ்ச மாசத்துல ரப்பர் கிழியும். அதனால எழுதி வெச்ச ஹப் அளவுலேர்ந்து இறக்கின மில்லிமீட்டரைக் கழிச்சு, அந்த அளவு வர்ற வரைக்கும் ஜாக்கியால ஆர்மைத் தூக்கி, அப்புறம் இறுக்குங்க. டிகிரி கணக்குல இறுக்குற போல்ட் எல்லாம் ஒரு தரத்துக்குத்தான், புதுசு போடுங்க. வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

வேலை முடிஞ்ச அன்னைக்கே அலைன்மென்ட் பண்ணுங்க. முன்னால டோ (மேலேருந்து பார்த்தா டயர் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) பூஜ்யத்தை ஒட்டி இருந்தா போதும். முன் கேம்பரை (டயர் செங்குத்திலிருந்து சாஞ்சிருக்கிற கோணம்) தனியா வைக்க முடியாது, சப்ஃப்ரேமை நகர்த்தி இடது வலது சமமாக்கலாம். பின்னால கேம்பர், டோ ரெண்டையும் சரி பண்ணலாம். இறக்கினதும் பின் டயர் உள்பக்கமா அதிகமா சாயும். கேம்பரை மைனஸ் ஒன்றரை டிகிரிக்குப் பக்கத்துல கொண்டு வந்து, லேசா டோ-இன் (டயரோட முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது) விடுங்க. இல்லாட்டி டயரோட உள் ஓரம் கம்பி தெரியுற வரைக்கும் தேயும், வெளியேருந்து பார்த்தா எதுவும் தெரியாது.

தானா உயரம் மாத்துற ஹெட்லைட்டா இருந்தா, சஸ்பென்ஷன்ல இருக்கிற சென்சாருக்குப் புது உயரத்தைக் கம்ப்யூட்டர்ல பதியணும். ஜெர்மனியில ஓடுற வண்டின்னா, ஸ்பிரிங்கோட வர்ற டைல்குட்டாக்டன் சான்றிதழை டூஃப் மாதிரி பரிசோதனை நிலையத்துல காட்டி ஒப்புதல் வாங்கணும்.

[காட்சி: ஷாக் தண்டில் இறுக்கிய கேபிள் டை, கீழே தள்ளி வைக்கப்பட்டிருக்கு.]

கடைசியா ஒரு கேபிள் டை. பின் ஷாக்கோட தூசி உறையை மேல தூக்கி, தண்டுல இறுக்கமா கட்டி, ஷாக் உடம்போட ஒட்டித் தள்ளி வைங்க. வழக்கமா போற ரோட்டுல ஒரு வாரம் ஓட்டிட்டுப் பாருங்க. டை எங்க போய் நிக்குதோ, சக்கரம் அவ்வளவு ஏறியிருக்குன்னு அர்த்தம். பம்ப் ஸ்டாப்பை லேசா தொட்டிருந்தா பரவாயில்லை. ஸ்டாப்புக்குள்ள பாதி வரைக்கும் புதைஞ்சிருந்தா, வண்டி ஸ்பிரிங் மேல ஓடலை, ரப்பர் மேல ஓடுது. 500 கி.மீ. ஓடினதும் ஸ்பிரிங் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும். அப்ப ஹப் அளவையும் டோவையும் மறுபடி ஒரு தரம் பார்த்துடுங்க.