ஏழாம் இலக்கம் ஏழு பாகை அல்ல

[காட்சி: குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவரில் ஒரு குமிழ், அதைச் சுற்றி 1 முதல் 7 வரை இலக்கங்கள்.]

வணக்கம். கிளிநொச்சியில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, "தம்பி, ஐஸ் பிடிக்குதில்லை, உடன வாங்கோ" என்றே தொடங்கும். கருவிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் விசுவமடு வரை போய்ப் பார்த்தால், பல வேளைகளில் பெட்டியில் ஒரு பழுதும் இராது. குமிழைத் திருப்பிவிட்டு, பெற்றோல் காசைக் கேட்டால், "ஒண்டும் செய்யேல்லையே, பிறகேன் காசு?" என்பார்கள். இந்த வீடியோவைச் செய்வதற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

குமிழில் உள்ள இலக்கங்கள் வெப்பநிலையைக் குறிப்பவை அல்ல. எந்த அளவுக்குக் குளிர்ந்த பின் கம்பிரசர் ஓய வேண்டும் என்பதற்கான படிகளே அவை. பெரும்பாலான பெட்டிகளில் இலக்கம் கூடக் கூடக் குளிரும் கூடும். 1 என்றால் ஒரு பாகை என்று நம்பி, கடுங்குளிர் வேண்டுமென்று குமிழை 1இல் வைத்து, வாங்கிய பாரை மீன் முழுவதையும் பழுதாக்கிய வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

[காட்சி: இரண்டு மீன் பொதிகளுக்கு நடுவே ஒரு சிறிய வெப்பமானி.]

பிரீசருக்கு உரிய வெப்பநிலை மறை 18 பாகை செல்சியஸ். கீழ்த் தட்டுகளுக்கு 5 பாகைக்குக் குறைவு. கதவு திறந்தவுடன் உள்ளே இருக்கும் காற்று மாறிவிடுவதால், வெப்பமானியைப் பொதிகளுக்கு நடுவே செருகி, இரவு முழுவதும் விட்டு, விடிந்ததும் கதவு திறந்த கையோடு பார்க்க வேண்டும். மறை 18இல் கிருமிகள் பெருகுவதில்லை, ஆனால் அவை எல்லாம் செத்துவிடுவதும் இல்லை. இளகியதும் மீண்டும் பெருகத் தொடங்கும். சூடை போன்ற கொழுப்பு மீன்கள் உறைந்த நிலையிலும் மெல்லக் காறிப்போகும் என்பதால், அவற்றை மாதக்கணக்கில் சேமிப்பதில் பயனில்லை.

கோடையில் குமிழை 7இல் வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது அடுத்த குறை. பனி தானாக உருகாத ஒற்றைக் கதவுப் பெட்டிகளில், கதவு றப்பரும் தளர்ந்திருந்தால், பிரீசரின் சுவரில் பனி விரல் தடிப்புக்கு ஏறும். அந்தப் பனி குளிரைக் கூட்டுவதில்லை. போர்வைபோல நின்று குளிரைத் தடுக்கிறது. அதைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பவர்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஒருமுறை ஒரு வீட்டில், கத்தி நுனி அலுமினியத் தகட்டில் இட்ட துளை ஊசி முனை அளவுதான் இருந்தது. பெட்டியைக் குளிர்விக்கும் வாயு முழுவதும் அதனூடாகப் போய்விட்டது. இப்போதைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர் 600ஏ வாயு தீப்பற்றக்கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள். பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்துவிட்டால் பனி தானே உருகும்.

தகரக் கூரையின் கீழ், சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டி வெப்பத்தை எங்கே வெளியேற்றும்? பின்பக்கச் சுருளில் படியும் செம்மண் புழுதியைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். புதிதாக வாங்குபவர்கள் பின்புற ஒட்டியையும் வாசிக்க வேண்டும்: அதில் 'என்' (N) என்ற எழுத்து மட்டும் இருந்தால் அப்பெட்டி 32 பாகை வரையான சூழலுக்கு உரியது, 'டி' (T) என்றால் 43 வரை தாங்கும். வன்னியின் கோடை நண்பகலுக்கு முன்னது போதாது.

[காட்சி: உறைந்த நீர்க் கோப்பையின் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றி.]

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, "இறைச்சியை எறியிறதோ?" என்பதே எல்லோரதும் கேள்வியாக இருந்தது. நிறைந்த பிரீசர், கதவு திறக்காதிருந்தால், ஏறத்தாழ 48 மணிநேரம் தாங்கும்; பாதி நிறைந்தது 24. பகல் முழுவதும் வேலைக்குப் போகிறவர்கள், பிரீசரில் உறைந்த நீர்க் கோப்பையின் மேல் இந்தக் குற்றியை இப்படி வைத்துவிட்டுப் போகலாம். மாலையில் அது கோப்பையின் அடியில் உறைந்திருந்தால், எல்லாம் ஒருமுறை இளகி மீண்டும் உறைந்துவிட்டது என்று பொருள்.

மின் திரும்பிய உடனே கம்பிரசரைத் தொடக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் சமனாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். தாமத வசதியுள்ள ஸ்ரெபிலைசர் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலையில் வோல்ற்றேஜ் 230இலிருந்து வெகுவாக இறங்கும்போது, பெட்டியின் பின்னால் "டிக்" என்று ஓர் ஒலி கேட்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் கேட்கும். கம்பிரசர் தொடங்க முயன்று தோற்கிற ஒலி அது. கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்த முறை என்னை அழைக்கும்போது, விடியப் பார்த்த வெப்பமானியின் அளவையும், அந்த "டிக்" கேட்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு புறப்படுவது, புறப்படத்தான் வேண்டுமா என்பதை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.