எம்.ஏ. முடித்த பிறகுதான் ஆரம்பம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், என்னைத் தேடி மருத்துவமனைக்கு வரும் பெற்றோரில் சிலர் சிகிச்சைக்காக வருவதில்லை. "பொண்ணு சைக்காலஜிதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா மேடம். படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்கத்தான் வருகிறார்கள். கிடைக்கும். ஆனால் மருத்துவ உளவியலாளர் வேலைக்குப் போகும் வழியை முழுசாகச் சொல்ல ஆளில்லை. கல்லூரியில் சேர்ந்து, பணமும் கட்டி, ஐந்து வருடம் படித்து முடித்த பிறகுதான் பலருக்கு மீதி வழியே தெரியவருகிறது. அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அதனால் இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் எம்.டி. முடித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மருந்து எழுதுவதில்லை. உளவியல் சோதனைகள் செய்வது, பேச்சுவழி சிகிச்சை தருவது, இவைதான் அவர் வேலை. இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தால்தான் நோயாளிக்கு நல்லது.

சரி, படிப்புக்கு வருவோம். இத்தனை காலமும் இருந்த வழி இதுதான்: உளவியலில் மூன்று ஆண்டு பி.ஏ. அல்லது பி.எஸ்சி., பிறகு இரண்டு ஆண்டு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. பெரும்பாலோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் எம்.ஏ. மட்டும் முடித்தவர் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதன் பிறகு மருத்துவமனையில் முழுநேரமாக இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிக்க வேண்டும். அந்தப் படிப்புக்கு ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும். முடித்ததும் ஆர்சிஐயின் மத்தியப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து, சிஆர்ஆர் எண் வாங்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் ஆர்சிஐ சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருமுறை ஆலோசனை சொல்வதற்கே அதைவிட அதிகம் வாங்குபவர்கள் இருக்கும்போது, அந்த அபராதம் யாரையும் பயமுறுத்தாது. அதை உயர்த்தியே ஆக வேண்டும்.

இந்தப் பயிற்சி நம் நாட்டுக்குப் புதிதல்ல. இன்றைக்கு நிம்ஹான்ஸ் என்று நாம் சொல்லும் பெங்களூரு மனநல நிறுவனத்தில் 1955லேயே இது டிப்ளமோவாகத் தொடங்கிவிட்டது.

"ஐந்து வருடம் படித்தது போதாதா? இன்னும் இரண்டு வருடம் எதற்கு?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் துறையில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஏழெட்டு வயதுப் பையனைக் கூட்டி வருவார்கள். மேஜை மேல் ஒரு மரப்பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்து வடிவங்களில் குழி. அதே வடிவங்களில் பத்து மரக்கட்டை. அறிவுத்திறனை அளக்கும் இந்தச் சோதனைக்குச் செகின் பலகை என்று பெயர். கட்டைகளைச் சரியான குழியில் வைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று மூன்று முறை பார்த்து, அதில் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். பையன் கட்டைகளை மளமளவென்று வைத்துவிடுவான். அப்புறம் வாய்மொழிக் கேள்விகள் ஆரம்பித்தால் ஒன்றுக்கும் பதில் வராது. புதிதாகச் சேர்ந்த மாணவர் அதை அப்படியே கூட்டி, குறைந்த மதிப்பெண் போட்டு, அறிக்கையைக் கொண்டுவருவார்.

மேற்பார்வையாளர் அதில் உடனே கையெழுத்துப் போட மாட்டார். காலையில் எத்தனை மணிக்கு ஊரிலிருந்து கிளம்பினார்கள்? பையன் சாப்பிட்டானா? காது நன்றாகக் கேட்கிறதா? தானே சட்டைப் பட்டன் போடுகிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறானா என்று அம்மாவிடம் கேட்டாயா? கேட்டுப் பார்த்தால், விடியுமுன் பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையாக இருப்பான். இட்லி வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் விளையாட விட்டு, மறுபடி உட்காரவைத்தால் வாயைத் திறப்பான். அறிக்கையில் வரும் அந்த எண்ணை வைத்துத்தான் உதவித்தொகை, பள்ளி, தேர்வுச் சலுகை எல்லாம் முடிவாகின்றன. புத்தகம் படித்து மட்டும் இதைக் கற்க முடியாது. பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்தித் திருத்தித்தான் வரும். எதிரில் இருப்பவர் "வாழவே பிடிக்கலை" என்று சொல்லும் நேரத்துக்கும் இதே பயிற்சிதான் கைகொடுக்கும்.

இதில் பெரிய சிக்கல் இடங்கள்தான். இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்குச் சேர்த்துக்கொள்வதே சில பேரைத்தான். நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் உதவித்தொகை தருகிறார்கள். அங்கே போட்டி கடுமை. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் இந்தப் படிப்பு உண்டு. தனியாரில் கட்டணம் லட்சக்கணக்கில் போகும். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது எட்டாது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்த இடங்களைப் பெருக்காமல், மாவட்டங்களில் ஆள் இல்லை என்று பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இப்போது வழியும் மாறிக்கொண்டிருக்கிறது. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டத்தையே கைவிட்டது. இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விலக்குக் கொடுத்தது. எம்.ஃபிலுக்குப் பதிலாக, மருத்துவ உளவியலில் நான்கு ஆண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், அதன்மேல் அதே துறையில் இரண்டு ஆண்டு முதுகலை என்று ஆர்சிஐ புதிய வழி வகுத்திருக்கிறது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்தவும் யுஜிசி தடை போட்டுவிட்டது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படித்தவர்களுக்கு இது இழப்புதான். ஆனாலும் நோயாளியைப் பார்க்காமல் படிக்கும் படிப்பு இது இல்லை என்பதால், அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே பெற்றோரே, கட்டணம் கட்டுவதற்கு முன் ஆர்சிஐ இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டு வரை அங்கீகாரம் என்று பார்த்துவிடுங்கள். கல்லூரிக்காரர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சிகிச்சைக்குப் போகிறவர்களும் மருத்துவ உளவியலாளரிடம் சிஆர்ஆர் எண்ணைத் தயங்காமல் கேட்கலாம். முறையாகப் படித்த யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

நன்றி, வணக்கம்.