கூரை இழந்த அரங்கம்

நேயர்களுக்கு வணக்கம். மத்தியதரைக் கடலில் இத்தாலிக்குத் தெற்கே இருக்கும் தீவு நாடு மால்ட்டா. அதன் தலைநகர் வாலெட்டாவில் ஓப்பரா என்னும் இசைநாடகத்துக்கு வாய்த்த இரண்டு வீடுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மூத்தது மனோயல் அரங்கம். தீவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவியர் சபையின் தலைவர் அந்தோனியோ மனோயல் டி வில்யெனா 1731இல் கட்டியது. பத்தே மாதங்களில் வேலை முடிந்ததாம். 'மக்களின் கண்ணியமான பொழுதுபோக்குக்காக' என்று வாசலில் லத்தீன் மொழியில் பொறித்துவைத்தார். மக்கள் என்ற சொல்லை வாசலிலேயே வைத்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

பின்னர் வந்த ஆங்கிலேயருக்கு இந்தச் சின்ன அரங்கம் போதவில்லை. லண்டன் கோவன்ட் கார்டன் ஓப்பரா அரங்கைக் கட்டிய எட்வர்ட் பாரியிடமே வரைபடம் வாங்கினார்கள். வாலெட்டாவின் தெருச் சரிவு அவர் கணக்கில் வரவில்லை. கட்டடத்துக்கு அடியில் கல்மேடை எழுப்பிச் சமன் செய்தார்கள். 1866 அக்டோபர் 9 அன்று பெல்லினியின் 'இ பூரித்தானி'யுடன் ராயல் ஓப்பரா அரங்கம் திறந்தது. ஏழே ஆண்டுகளில், 1873 மே மாதம், தீ உள்ளே இருந்ததையெல்லாம் தின்றது. ஊர் சோர்ந்துவிடவில்லை. 1877இல் வெர்டியின் 'ஐடா'வுடன் மீண்டும் திரை உயர்ந்தது.

இந்தப் பகட்டுக் காலத்தில் மூத்த அரங்கம் என்ன ஆனது? வீடற்ற ஏழைகள் ஒண்டும் இடமாயிற்று. அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

1942 ஏப்ரல் 7. ஜெர்மானியக் குண்டுகள் ராயல் அரங்கைச் சிதைத்தன. வீடிழந்தவர்களுக்கு மனோயல் அரங்கம் மறுபடியும் நிழல் கொடுத்தது. ராயல் அரங்கமோ பல பத்தாண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது. கடைசியில் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அந்தத் தூண்களையும் சுவர்களையும் அப்படியே காத்து, 2013இல் திறந்தவெளி அரங்கமாக்கினார். சிதைவை மறைக்காதது சரி என்பேன். ஆனால் ஓப்பராவுக்கு அது வீடாகாது. ஒலிபெருக்கி இல்லாமல் பாடுகிறவருக்குச் சுவரும் கூரையும்தான் குரலைத் தாங்கும் துணை. அந்தத் துணை இன்றும் வாலெட்டாவில் கிடைப்பது, 1960இல் செப்பனிட்டுத் திறந்த அந்தப் பழைய மனோயல் அரங்கில்தான். மரத்தாலான பார்வையாளர் மாடங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.