சைக்கிளில் போன பிரதமர்: மார்க் ருட்டே 14 ஆண்டுகள் நிலைத்தது எப்படி?

(காட்சி: சைக்கிளில் ஏறிப் போகும் ருட்டே)

2024 ஜூலை 2. நெதர்லாந்துப் பிரதமர் பொறுப்பை டிக் ஸ்கூஃபிடம் ஒப்படைத்துவிட்டு, மார்க் ருட்டே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இந்த வீடியோ உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். "தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று ஒரு வரியும் கூடவே வந்திருக்கும்.

சைக்கிள் உண்மைதான். பழைய சாப் காரும், பிரதமராக இருந்துகொண்டே ஹேக் நகரப் பள்ளியில் அவர் எடுத்த வகுப்பும், 2018இல் தான் கொட்டிய காபியைத் துப்புரவுப் பணியாளர்கள் பார்த்துச் சிரிக்கத் தானே துடைத்ததும் உண்மைதான். ஆனால் எளிமையைக் காட்டி ஓட்டு வாங்கலாம்; கூட்டணி நடத்த முடியாது. ருட்டே 14 ஆண்டுகள் கூட்டணி நடத்தியவர்.

(காட்சி: நாடாளுமன்ற இருக்கைகளின் வரைபடம்)

நெதர்லாந்து கீழவையில் 150 இடங்கள். ஆட்சிக்கு 76 வேண்டும். நூற்றுக்கு ஒரு ஓட்டுக்கும் குறைவாக வாங்கிய கட்சிகூட உள்ளே வந்துவிடலாம் என்பதால், அங்கே தனிப் பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. ருட்டேயின் கட்சி வி.வி.டி., மிதமான வலதுசாரிக் கட்சி. அது அவர் தலைமையில் அதிகபட்சமாக வாங்கியது 26.6 சதவீதம். ஆக, எந்தத் தேர்தலை எடுத்தாலும், ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேராவது வேறு கட்சிகளுக்கே போட்டார்கள்.

பிறகு எப்படி? துணையை மாற்றிக்கொண்டே இருந்தார். 2010இல் அவருக்கு 31 இடங்கள், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 21. மீதி 24ஐ வெளியிலிருந்து கொடுத்தவர் தீவிர வலதுசாரி கீர்ட் வில்டர்ஸ். கூட்டினால் சரியாக 76. 2012இல் சிக்கனத் திட்டம் பற்றிய பேச்சிலிருந்து வில்டர்ஸ் எழுந்து போனார், அரசு கவிழ்ந்தது. அதே ஆண்டு, தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட இடதுசாரித் தொழிற்கட்சியோடு ருட்டே கைகோத்தார். 2017இல் நான்கு கட்சிகள், மறுபடியும் சரியாக 76. கொள்கை என்ற மூட்டையைத் தலையில் சுமந்தவரால் இப்படி வீடு மாற முடியாது. 2013இல் ஓர் உரையில் அவரே சொன்னார்: எதிர்காலத்துக்கான முழு வரைபடம்தான் தொலைநோக்கு என்றால், அது பார்வையை மறைத்து நிற்கும் யானை.

இப்போது அந்தச் சைக்கிளுக்கு மறுபடியும் வருவோம்.

2021 ஜனவரி 15. அன்றும் ருட்டே சைக்கிளில்தான் போனார், அரசரிடம் ராஜினாமா கொடுக்க. காரணம், குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம். விண்ணப்பத்தில் சின்னத் தவறு இருந்தாலும் மோசடி என்று முத்திரை குத்தி, வாங்கிய தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது வரித்துறை. 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிக்கின. பல்லாயிரம் யூரோ கடன், பறிபோன வீடுகள், முறிந்த மணவாழ்வுகள். இரட்டைக் குடியுரிமை இருந்தவர்கள்மீது சந்தேகக் கண் கூடுதலாக விழுந்தது. அந்தத் தாய்மார்களின் முகத்தை நினைத்துக்கொண்டு அந்தச் சைக்கிள் படத்தைப் பார்த்தால் எளிமை கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

இரண்டு மாதத்தில் தேர்தல். வி.வி.டி.க்கு முன்பைவிட ஓர் இடம் கூடுதலாகவே கிடைத்தது.

(காட்சி: கையில் இடுக்கிய காகிதம், நெருக்கத்தில்)

மார்ச் 25. கூட்டணிக்கு வழி பார்க்க நியமிக்கப்பட்ட அமைச்சர் கைசா ஒல்லோங்கிரன், தனக்குக் கொரோனா உறுதியான செய்தி கேட்டு அவசரமாக வெளியேறுகிறார். கையில் குறிப்புத் தாள்கள். எழுத்துப் பக்கம் வெளியே தெரிகிறது. புகைப்படக்காரரின் கேமரா அதைப் பிடித்துவிட்டது. அதில் ஒரு வரி: "ஓம்ட்சிக்ட்டின் நிலை, வேறு இடத்தில் பதவி."

உதவித்தொகை விவகாரத்தைத் தோண்டி எடுத்த எம்.பி.க்களில் முன்னே நின்றவர் பீட்டர் ஓம்ட்சிக்ட். அவரை வேறு பதவிக்கு நகர்த்தப் பார்க்கிறார்களா என்ற கேள்வி எழுந்தது. கூட்டணிப் பேச்சில் அவரைப் பற்றி நான் பேசவே இல்லை என்றார் ருட்டே. ஏப்ரல் 1 அன்று குறிப்புகள் முழுதாக வெளியாயின. பேசியிருந்தார். பொய் சொல்லவில்லை, தவறாக நினைவில் வைத்திருந்தேன் என்று விளக்கம் தந்தார். விவாதம் நள்ளிரவைத் தாண்டியது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவு 72, எதிர்ப்பு 77. தப்பினார். ஆனால் கண்டனத் தீர்மானத்தை, அவர் கட்சி தவிர அத்தனை கட்சிகளும் ஆதரித்தன. அப்படிக் கண்டித்த மூன்று கட்சிகளே 2022 ஜனவரியில் அவரோடு மறுபடியும் அமைச்சரவையில் உட்கார்ந்தன. ஆகஸ்டில், முன்னாள் பிரதமர் ரூட் லப்பர்ஸைத் தாண்டி நாட்டிலேயே அதிக காலம் பிரதமராக இருந்தவர் ஆனார்.

நினைவு என்பது அவரிடம் வசதியான ஒரு கருவி. 2022 மே மாதம் இன்னொன்று வெளிவந்தது: பிரதமர் தன் பழைய நோக்கியா கைப்பேசியில் வரும் குறுஞ்செய்திகளைப் பல ஆண்டுகளாக நாள்தோறும் அழித்துவந்திருக்கிறார். கேட்டால், இடம் போதவில்லை என்றார். முக்கியமானவற்றை அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் அழித்தாராம். எது முக்கியம் என்று முடிவு செய்தவரும் அவரே.

2023 ஜூலையில், அகதிகள் குடும்பத்தை அழைத்துவருவது பற்றிய சண்டையில் நான்காவது அமைச்சரவை விழுந்தது. 2024 அக்டோபரில் ருட்டே நேட்டோவின் பொதுச் செயலாளர் ஆனார்.

2025 ஜூனில் நேட்டோ உச்சி மாநாடு அவர் பிறந்து வளர்ந்த ஹேக் நகரிலேயே நடந்தது. டிரம்ப் அங்கே வந்து சேர்வதற்கு முன் ருட்டே அவருக்குத் தனிப்பட்ட செய்தி ஒன்று அனுப்பினார். ஐரோப்பா பெரிய அளவில் பணம் கொடுக்கப்போகிறது, அது உங்கள் வெற்றி என்று ஒரே புகழ்ச்சி.

டிரம்ப் அதை அழிக்கவில்லை. படம் பிடித்து, உலகமே பார்க்கும்படி சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டார்.