பாட்டில்லாத படத்தைத் தேடுவோர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பினாங்கில் பழைய தமிழ்ப்படப் பொருள்களைத் தேடிச் சேர்ப்பவர்களை லோரோங் கூலிட் சந்தையில் காலையிலேயே பார்க்கலாம். இசைத்தட்டு இருக்கிறதா, பாட்டுப் புத்தகம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். 'அந்த நாள்' படத்தை விசாரிப்பவர் அபூர்வம். அதில் பாட்டே கிடையாதே! பிறகு இசைத்தட்டு எங்கிருந்து வரும்? அந்தப் படத்தை இயக்கிய அதே வீணை எஸ். பாலசந்தர் 1964-இல் எடுத்த 'பொம்மை'க்கு அந்தக் குறை இல்லை. யேசுதாஸ் குரலுக்காகவே அதன் தட்டைத் தேடுகிறார்கள்.

'அந்த நாள்' 1954-இல் வந்த ஏவி.எம். படம். தமிழில் பாட்டில்லாமல் வந்த முதல் பேசும்படம் அதுதான். தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார்? மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைச் சொல்லச் சொல்ல, செத்தவனின் முகம் மாறிக்கொண்டே போகிறது. கதை வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறிய வருகிறார். மாருதிராவின் ஒளிப்பதிவில் நிழலும் ஒரு சாட்சி! 'பராசக்தி' வசனத்துக்குக் கைதட்டிய கூட்டம் இதை ஏற்கவில்லை, படம் ஓடவில்லை. பண்டரிபாயின் நடிப்புக்காகவாவது ஓடியிருக்க வேண்டும் என்பேன்.

நம் ஊருக்கு இந்தப் படம் இன்னும் நெருக்கம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைமீது குண்டு போட்டதை ஒட்டி நடக்கிற கதை இது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னே, 1941 டிசம்பர் 11 அன்று, பினாங்கின் ஜார்ஜ் டவுன் வானத்தில் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த நம் மக்கள்மீதே குண்டு விழுந்தது. அந்த அச்சத்தைப் பட்டறிந்த ஊர் இந்தப் படத்தை மறக்கலாமா?

ஆகவே சேகரிப்பாளர்களுக்குச் சொல்கிறேன்: தட்டு இல்லாத படத்துக்குத் தாள்தான் சாட்சி. சுவரொட்டி, நோட்டீஸ், ஸ்டில் எது கிடைத்தாலும் விடாதீர்கள். அடியில் அச்சகத்தின் பெயரைப் பாருங்கள். முதல் வெளியீட்டுத் தாளா, மறுவெளியீட்டுக்கு அடித்ததா என்று கண்டுபிடிக்க அது உதவும். பின்பக்கம் தியேட்டர் முத்திரை இருந்தால் அழிக்காதீர்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு லேமினேட் செய்துவிடாதீர்கள். அதைப் பிரித்தெடுக்கப் போனால் தாளே கிழியும். அமிலமில்லாத உறையில், வெயில் படாமல், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.