கை கழுவும் இடத்து ஜன்னல்

வணக்கம் நேயர்களே. மலையகச் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் ரொட்டியும் கட்டச்சம்பலும்தான் முதலில் வரும். நான் பேசப்போவது உட்கார்ந்து சாப்பிடும் இடத்தைப் பற்றி. ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுவது. இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் வானொலியை மூடிவிடாதீர்கள்.

சம்பளம் வாங்கிய கையோடு ஞாயிற்றுக்கிழமை கம்பளைக்கோ நாவலப்பிட்டிக்கோ போகிறோம். சாமான் வாங்கியாயிற்று. பிள்ளைகள் கொத்து ரொட்டி கேட்டு நச்சரிக்கிறார்கள். சரி என்று ஒரு ஹோட்டலுக்குள் நுழைகிறோம். ஆற்றோரமாக இருக்கிற கடைகளைத்தான் சொல்கிறேன். மேசைக்கு முன்னால் பஸ் புகை, ஹாரன், புழுதி. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்னால் போனால் பேசினுக்கு மேலே சின்னதாக ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் மகாவலி! 335 கிலோமீற்றர் ஓடுகிற, இலங்கையின் மிக நீளமான ஆறு. அதைப் பார்க்க நமக்குக் கிடைப்பது கையில் சவர்க்காரம் போடுகிற நேரம் மட்டும்தான். அடுப்படி, கழிவறை, வெறும் போத்தல் பெட்டி எல்லாம் ஆற்றுப் பக்கம். மேசையெல்லாம் புகைப் பக்கம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆள் வருவது ரோட்டுப் பக்கம், கடையும் அந்தப் பக்கம்தான் பார்க்கும். அப்புறம் வெள்ளம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு கம்பளைக்குள் தண்ணீர் வந்த விதத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால் கரையில் கட்டடம் கட்டச் சொல்லவில்லை. தூக்கி வைக்கக்கூடிய நாலு மேசை, மழைக்காலத்தில் உள்ளே எடுத்துவிடலாம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கண்டியில் ஏரி இருக்கிறதே என்பீர்கள். ஏரி வேறு, ஆறு வேறு. அந்த ஏரி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்துக் கட்டியது. ஆறோ ஊரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. டவுனுக்குள்ளிருந்து அதற்குப் போய்ச் சேருவது மெத எல என்கிற கால்வாய். டவுனின் அழுக்கையும் வாரிக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. அந்த வாசனைக்குப் பக்கத்தில் யார் இலை போட்டு உட்காருவார்கள்?

இந்த இடத்தில் சிங்கப்பூர்க் கதை ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மச்சான் மகன் அங்கே வேலை செய்கிறான். "மாமா, ஆத்தோரமா சாப்பிடுவோம்" என்று போட் கீ என்ற இடத்துக்குக் கூட்டிப் போனான். பழைய கடைவீடுகள் வரிசையாக, தண்ணீருக்குப் பக்கத்திலேயே மேசைகள், விளக்குகள். மெனு அட்டை வந்தது. நான் வழக்கம்போல விலைப் பக்கத்திலிருந்து வாசித்தேன். வாசித்து முடித்து, "எனக்குப் பசியில்லை, தேசிக்காய் ஜூஸ் போதும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு இரண்டு பேருக்கும் மீன் சொன்னான். மீன் வர முக்கால் மணி நேரம். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர், நம்ம ஆள்தான், பேச்சுக் கொடுத்தார். "அந்தக் காலத்துல இந்தப் பக்கம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருவோம், அண்ணே" என்றார். எனக்கு மீன் மறந்துபோயிற்று. மச்சான் மகன் ஊர்க் கதை கேட்கிறான், நான் பெரியவர் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்!

அவர் சொன்னது உண்மை. பன்றிப் பண்ணைக் கழிவும், தெருவோரக் கடைகளின் எச்சிலும், சரக்குப் படகுகளின் எண்ணெயும் அந்த ஆற்றில்தான். பிரதமர் லீ குவான் யூ 1977இல் பத்து வருடத்தில் துப்புரவாக்க வேண்டும் என்றார். தெருவோர வியாபாரிகளுக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள கூடங்களில் இடம் கொடுத்தார்கள். 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங் என்ற வேறு இடத்துக்குப் போயின. 1987இல் வேலை முடிந்தது. விளக்கும் மேசையும் மெனு அட்டையும் அதற்கு அப்புறம். நம்மூரில் 'வியூ' உள்ள ஹோட்டல் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதலில் கான், அதாவது அழுக்குத் தண்ணீர் போகிற வடிகால், பிறகு மேசை. இன்னொரு தடவையும் சொல்கிறேன், முதலில் கான். மகாவலியில் எடுக்கிற தண்ணீரைத்தான் சுத்திகரித்து நமக்குக் குடிக்கவும் தருகிறார்கள்.

விலையைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஆறு தெரிகிற மேசை என்றால் வெள்ளைக்காரருக்குத்தான் என்று ஆகிவிட்டது. ஒரு பிளேன்டியும் இரண்டு உளுந்து வடையும் வாங்குகிறவர் அங்கே உட்காரக் கூடாதா?... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். கித்துல்கலையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். கொழும்புக்குப் போகிற வழியில் களனி ஆற்றுப் பாறையில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறவர்களே, மேலே மின்நிலையத்திலிருந்து தண்ணீர் விட்டால் ஆறு சட்டென்று ஏறும். பிள்ளைகளைக் கரைப் பக்கமாக உட்கார வையுங்கள். நன்றி, வணக்கம்.